மேரி அத்தால்

போத்தனூர் ஜங்ஷனுக்கு எதுத்தாப்புல என் ஜெராக்ஸ் கடை.
அந்தம்மா வந்தப்ப கரண்ட்டு இல்லீங்க.
ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.
எழுபதுக்குப் பக்கம் இருக்கும். நெப்ராஸ்கா.
கழுத்தெல்லாம் வேர்க்குரு.
பையிலிருந்து எடுத்தது ஒரு குட்டி நோட்டு,
மெழுகுத்துணி அட்டை,
பெரியப்பாவோடது. நாப்பத்து நாலாம் வருசம்.

பட்டாள ரயில்ல குளிர் காய்ச்சல் கண்டு
இங்கே இறக்கிவிட்டுட்டுப் போயிருக்காங்க.
எல்மர் கிட்ரிட்ஜ், இருபத்திரெண்டு வயசு,
சோளக்காட்டுப் பையன்.
நாங்களும் சோளக்காடுதானுங்கன்னேன்.

பேரையெல்லாம் காதுல விழுந்தபடி எழுதியிருக்கான்.
போத்தனூரு ‘பாட் நூர்’.
வெள்ளலூரு ‘வெல்லா லோர்’.
நொய்யல் ‘நோ யெல்’:
கத்தாதேன்னு அர்த்தமாம்.
அவங்க சிரிச்சாங்க. நானும்.
கண்ணால படிச்சா ஊரு வராது,
வாய்விட்டுப் படிச்சாத்தான் வரும்.

அப்புறம் அந்தப் பேரு.
மேரி அத்தால்.
வெள்ளைத் தொப்பி நர்சு,
சட்டைக்காரப் பொண்ணு, நீலக் கண்ணு,
இதெல்லாம் அவங்க வீட்டுல பேசிப் பேசிச் சேர்த்தது.
ஊர் திரும்பி ஆணிக் கடை வெச்சான் எல்மர்,
கடைசி வரைக்கும் கல்யாணம் பண்ணலை.
காரணம் அவதான்னு
எண்பது வருசமா சாப்பாட்டு மேசையில ஒரு பேச்சு.
தம்பிக்குப் பொறந்த புள்ளைக்கு
அந்தப் பேரையே வெச்சாங்க.
நாந்தான் அந்த மேரி, என்றார்.

ரெண்டு தரம் மெதுவாப் படிச்சேன்.
மூணாவது தரம் வேகமா.
மேரி அத்தா. மேரத்தா.
மாராத்தா.

நர்சு இல்லீங்கம்மா.
அஞ்சு மணிக்குச் சட்டி எடுக்க வருவாள்னு
இதா, இவரே எழுதியிருக்காரு.
காலுல செருப்பில்லைன்னும் எழுதியிருக்காரு.
குதிரை வாசம் அடிக்கிற பழுப்புத் தண்ணியை
மூக்கைப் பிடிச்சுக் குடிக்க வெச்சாளாம்.
கொள்ளு ரசமுங்க.
எந்த நர்சு அதைக் கொண்டாந்து குடுப்பா?

அந்தம்மா முகம் விழுந்துச்சா என்னன்னு
இருட்டுல தெரியலை.
கொஞ்சம் கழிச்சு,
‘மறுபடியும் சொல்லுங்க, என் பேரை’ என்றார்.

போய்ப் பார்த்தோம். வார்டு இருந்த இடம்
டூ வீலர் ஸ்டாண்டு.
டோக்கன் குடுக்கிற சுலைமான் பாய்
வண்டி நம்பர் கேட்டார்.
வண்டி இல்லீங்க பாய்.
அப்ப எதுக்கு நிக்கறீங்க?
அதுக்கு எனக்கு எந்த மொழியிலயும் பதில் வரலை.

மாராத்தா வீடு எதுன்னு எங்கே போய்க் கேக்கிறது?
என் அலமாரியில ரேஷன் கார்டு நகல் நாலு கட்டு.
அதுல மட்டும் மாராத்தா நாப்பத்தொண்ணு.

ரயில் ஏறறதுக்கு மொத நாள் மூணு வரி,
பென்சில் மங்கிப் போயிருந்துச்சு:
‘ரெண்டு நாளா மே.அ. வரலை. பையன் பர்மாவுல இருக்கானாம்.
இன்னிக்கு வந்தாள். பேசலை.
பழுப்புத் தண்ணியை மறுப்பில்லாம குடிச்சேன்.’
அவ்வளவுதானுங்க.
பையன் பேரு என்ன, எந்தப் பட்டாளம்,
திரும்பி வந்தானா,
இல்லை தந்திதான் வந்துச்சா,
இல்லை அதுவும் வரலையா.
அவங்க ஊர்ல போருக்குப் போன அத்தனை பேருக்கும்
கோர்ட்டு வாசல்ல கல்லு வெட்டியிருக்காம்.
படம் காட்டினாங்க. நல்ல கறுப்புக் கல்லு.

கரண்ட்டு வந்துச்சு.
வம்சாவளித் தாளை நீட்டி
தன் பேருக்குப் பக்கத்துல தமிழ்ல அடிக்கச் சொன்னாங்க.
அடிச்சுக் குடுத்தேன்.
காலெழுத்தைத் தொட்டு, இது என்னான்னாங்க.
அது நீளமுங்க, என்றேன்,
உங்க வீட்டுல விட்டுப் போனது.

பதினெட்டுப் பக்கம், பக்கத்துக்கு ரெண்டு ரூபா.
சில்லறையை எண்ணி வாங்கிக்கிட்டேன்.
அவங்க ஆட்டோ ஏறின பிறகுதான் பார்த்தேன்,
மெஷின் அந்தப் பென்சில் பக்கத்தை
ஒரு நகல் கூடவே போட்டிருந்துச்சு.
கசக்கப் போனேன்.
அப்புறம் கட்டைப் பிரிச்சு
‘மா’ வரிசையில சொருகினேன்.
நாப்பத்திரெண்டு.